ரஹீம் பாய் தேர்ந்தெடுத்த டைமர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம். பூன் லே பக்கத்தில் எங்கள் குழு கூடும் அறையில், ஒரு சின்னக் காரைச் சுற்றி உட்கார்ந்து மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம்.

கார் என்றால் உள்ளங்கை அளவு கார். பேட்டரியில் ஓடும். மோட்டார், கியர், சக்கரம் என்று எதையாவது மாற்றிப் பூட்டி, நேராகப் போட்ட பிளாஸ்டிக் பாதையில் விடுவோம். எந்த மாற்றம் வேகத்தைக் கூட்டுகிறது, எது குறைக்கிறது என்று பார்க்கத்தான் இந்தச் சோதனைப் பாதை. இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று என் மனைவி கேட்பாள். பதில் யோசிப்பதற்குள் நான் பஸ் ஏறியிருப்பேன்.

அன்றைக்கு என்ன சிக்கல் என்றால்... அதே கார், அதே மோட்டார், முழுசாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி. ஆனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேறு வேறு நேரம். பாதையைத் துடைத்தோம். சக்கரத்தைக் கழற்றி மாட்டினோம். எல்லாவற்றையும் பார்த்தோம் – ஸ்டாப்வாட்ச் பிடித்திருந்த கையை மட்டும் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி இருந்தோம் என்பதுதான் சரி.

அது ரஹீம் பாயின் கை. லிட்டில் இந்தியாவில் பெட்டி, பை விற்கும் கடை வைத்திருப்பவர். குழு தொடங்கியதிலிருந்து எங்களுக்கு நேரம் பார்ப்பவர் அவர்தான். போன வருடம் லேசாக ஸ்ட்ரோக் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது. நடை திரும்பிவிட்டது. வலது கை மட்டும் இன்னும் அவர் சொல்வதைக் கேட்பதில்லை.

கடைசியில் அவரே சொன்னார். "கார்ல ஒண்ணும் இல்ல லா. என் விரல்லதான் இருக்கு."

ஸ்டாப்வாட்சை மேசைமேல் வைத்தார். தானாக நேரம் காட்டுகிற டைமர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் கடையில் வேலை இருக்கிறது, என்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் அவர் மனைவி மும்தாஜ் எனக்கு போன் செய்தார். "அண்ணே, வாரத்துல அந்த ஒரு நாள்தான் யார் துணையும் இல்லாம எம்ஆர்டி ரயில் ஏறிப் போயிட்டு வர்றார். அதையும் விட்டுட்டார்னா அப்புறம் தனியா எங்கயுமே கிளம்ப மாட்டார்."

டைமரும் வேண்டும். மனுஷனும் வேண்டும். என்ன செய்வீர்கள் நீங்கள்?

நான் நேராக அவர் கடைக்குப் போனேன். டைமர் வாங்கப் போகிறேன், கூட வாருங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாவம் பார்த்துக் கூப்பிடுறீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பமாட்டார். "கொஞ்சம் அதுவும்தான் பாய். ஆனா தனியாப் போனா, கடைக்காரர் எதைக் காட்டினாலும் தலையாட்டி வாங்கிட்டு வந்துடுவேன்."

சிரித்துவிட்டார். தம்பியைக் கல்லாவில் உட்காரச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்தார்.

எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த கட்டடம் நடக்கிற தூரம்தான். முதல் கடையில் பெரிய பந்தயங்களுக்கு வைக்கும் டைமரைக் காட்டினார்கள். அழகான திரை. ஒவ்வொரு காருக்கு அடியிலும் ஒரு சிப் ஒட்ட வேண்டுமாம். விலையைக் கேட்டதும் எனக்கு இருமல் வந்தது. பாய் வேறு ஒன்றைக் கேட்டார் – சிப்புக்கும் எடை உண்டுதானே? காரை இலேசாக்கத்தானே நாங்கள் மாதக்கணக்கில் பாடுபடுகிறோம்?

அப்படியானால் போனில் ஒரு ஆப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம் என்றார் கடைக்காரர். அதை ஏற்கெனவே முயன்று பார்த்தாயிற்று. கார் போனாலும் நேரம் நிற்கும், யாராவது கையை ஆட்டினாலும் நிற்கும்.

மேல்மாடியில் ஒரு சின்னக் கடை. கவுண்டரில் இருந்த சீனப் பெண் இரண்டு குட்டி வளைவுகளை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளிக்கோடு. முதல் வளைவில் கார் அதை மறித்தால் நேரம் தொடங்கும், இரண்டாவதில் மறித்தால் நின்றுவிடும். கையால் தொட வேண்டியதே இல்லை. விலையும் எங்களுக்குக் கட்டுப்படியாகிற விலை.

நான் பர்ஸை எடுத்துவிட்டேன். பாய் தடுத்தார். ஒரே காரை ஒரே மாதிரி விட்டால் ஒரே நேரம் காட்டுமா? அதை முதலில் பார்க்க வேண்டும் என்றார். அந்தப் பெண்ணும் சளைக்கவில்லை. அட்டைப்பெட்டி ஒன்றைச் சரித்து வைத்து, கடையில் கிடந்த பொம்மைக் காரை அதன் உச்சியிலிருந்து உருட்டிவிட்டார்.

நேரம் தாறுமாறாக வந்தது. சில தடவை டைமர் நிற்கவே இல்லை.

பாயின் முகம் விழுந்துவிட்டது. எனக்கும்தான். போகலாம் என்று அவர் குனிந்து குடையை எடுத்த நேரம் பார்த்து, அந்தப் பெண் இன்னொரு முறை உருட்டினார். இந்த முறை ஒழுங்காக நின்றது. மறுபடி உருட்டினார். அதே எண்! பாய் நிமிர்ந்தார் – மறுபடியும் கோளாறு. மூன்று பேரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தோம். கவுண்டருக்கு நேர் மேலே பளிச்சென்று ஒரு விளக்கு. பாய் குனிந்தபோது அவர் நிழல் வளைவின்மேல் விழுந்திருக்கிறது. அந்த வெளிச்சம்தான் சென்சாரைக் குழப்பியிருக்கிறது.

கறுப்பு அட்டையில் ஒரு சின்னக் கூரை போட்டால் போதும் என்றார் அந்தப் பெண். அட்டை எங்கள் கடையிலேயே கிடக்கிறது என்றார் பாய். வாங்கிவிட்டோம்.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது அவர் எனக்கு முன்னால் வந்து, வளைவுகளுக்குக் கூரை மாட்டிக்கொண்டிருந்தார். கை நடுங்கத்தான் செய்தது. கூரை கொஞ்சம் கோணல்தான். டைமர் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை.

முதலில் தேவியின் காரை விடச் சொன்னார். தேவி செம்பவாங்கிலிருந்து வருகிற நர்ஸ், எங்கள் குழுவில் இளையவள். அவள் ஆசையாகப் பூட்டிய புது கியர், பழையதைவிட மெதுவென்று ஸ்டாப்வாட்ச் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதைக் கழற்றிப் பைக்குள் போட்டிருந்தாள். பாய் அதை மறுபடி பூட்டச் சொன்னார். பழைய கியர், புது கியர் என்று மாற்றி மாற்றி ஓட்டினோம்.

ஒவ்வொரு முறையும் புதியதுதான் வேகம்.

பாய் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "உன் கியர் சரியாத்தான் இருந்திருக்கும்மா. நான்தான் பெயிலாக்கிட்டேன்."

"பரவாயில்ல அங்கிள். இப்ப பாஸ் பண்ணிட்டீங்கல்ல?" என்றாள் தேவி.

அவர் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

சென்ற வாரம் இன்னொரு சேதி. இத்தனை காலம் அடுத்தவர் காருக்கே நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், கை சும்மாதானே இருக்கிறது என்று தனக்கென்று ஒரு கார் வாங்கியிருக்கிறார். கடுகு மாதிரி ஸ்க்ரூ. அவரே முடுக்குகிறாராம். மும்தாஜ் உதவிக்குப் போனால் துரத்துகிறாராம்.

போன் செய்து, ஒரு ஸ்க்ரூ மாட்ட எவ்வளவு நேரம் ஆகிறது பாய் என்று கேட்டேன்.

"அதுக்கெல்லாம் டைமர் வைக்கக் கூடாது லா!"