பொட்டு வைத்த சம்மனசு

விருத்தாசலத்துச் செராமிக் பட்டறைகளை விட்டு வெளியே வந்து நடந்துகொண்டிருந்தேன். மதியம் தாண்டியிருந்தது. தூறல் நின்றபாடில்லை. சட்டைக்குள் வயிற்றோடு அணைத்து ஒரு பொட்டலம். வைக்கோல் சுற்றி, அதன்மேல் செய்தித்தாள் சுற்றி, சணலால் கட்டியது. உள்ளே ஒரு பீங்கான் சம்மனசு இருந்தது. மாதா கோயிலில் சிறகோடு நிற்கிற வானதூதரை வேதக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். சாமியார் வேப்பூர்க் கல்லறைக்கு வருவதற்குள் அதை அங்கே சேர்த்துவிட வேண்டும். ஆட்டோ எதுவும் கண்ணில் படவில்லை. பேருந்து நிலையம்வரை நடந்தே போனேன்.

அன்று கல்லறைத் திருநாள்.

நான் அப்போது வேப்பூரில் நெடுஞ்சாலையோரச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் வேலை பார்த்தேன். எட்டாவது பாதியில் நின்றவன். லாரியில் கிளீனராகப் போனேன், செங்கல் சுமந்தேன், கரும்பு வெட்டினேன். எங்கும் வெகுநாள் ஒட்டியதில்லை. ஒருமுறை திருச்சிப் பக்கம் போன லாரி அந்தக் கடை முன்னால் நின்றது. சாப்பிட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டேன். கடைக்கார அக்கா அடுப்பையும் கல்லாவையும் பார்த்தாள். அவள் புருஷன் புரோட்டாக் கல்லில் நிற்பார். எனக்குத் தண்ணீர் பிடிப்பது, பாத்திரம் கழுவுவது, மேசை துடைப்பது.

போன மழைக்காலத்தில் அவர்களுடைய ஒரே பெண் காய்ச்சலில் போய்விட்டாள். பள்ளிக்கூடம் சேர்த்த வருஷமே. அடக்கத்தன்று நல்ல மழை. குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்ததால் அவசர அவசரமாக மண்ணைத் தள்ளிவிட்டு வந்தோம். "ஒரு பூ கூட ஒழுங்கா வெக்கல தம்பி" என்று அக்கா பலமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள். கல்லறைத் திருநாளுக்குச் சாமியார் வந்து ஒவ்வொரு கல்லறையாக நின்று, இறந்தவர் பேரைச் சொல்லி, தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். பெண்ணின் பேரை அவர் சொல்லும்போது தலைமாட்டில் ஒரு சம்மனசு நிற்க வேண்டும். அக்காவுக்கு அந்த ஒரு ஆசைதான்.

அதைப் போனில் பார்த்துத்தான் வாங்கினாள். வெள்ளைச் சிறகு, கூப்பிய கை, குழந்தை முகம். படத்துக்குக் கீழே போட்டிருந்த உயரத்தை நான் வாசித்துச் சொன்னேன். கொத்தனார் அந்த அளவுக்குச் சிமெண்டில் ஒரு மாடம் கட்டிக் கொடுத்தார். மாடம் காய்ந்து, வெள்ளையும் அடித்தாயிற்று. பொம்மை வரவில்லை.

முதலில் 'தயாராகிறது' என்று வந்தது. பிறகு 'புறப்பட்டுவிட்டது' என்றது. அப்புறம் அதே வரி அப்படியே நின்றது. அதில் போட்டிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டால் ஒரு பெண் குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போடும். அக்காவுக்கு எழுத வராது. அடுப்படியில் நின்றபடி குரல் செய்தி அனுப்புவாள். "சார், நான் வேப்பூர்லேர்ந்து பேசறேன் சார். கல்லறத் திருநாளுக்குள்ள வேணும் சார். எம் பொண்ணுக்கு சார்." கேட்டுவிட்டார்கள் என்பதற்கு நீலக் கோடு விழும். பதிலுக்கு ஒரு கும்பிடு படம் வரும். அதற்குமேல் ஒரு சொல் வராது.

"கும்புடு போட்டாரே, அதயே கொண்டுபோயி மாடத்துல வெய்யி" என்பார் புருஷன். அவருக்கும் துக்கம்தான். அது அப்படித்தான் வெளியே வரும்.

திருநாளன்று காலையில் அக்கா என்னிடம் வந்தாள்.

"தம்பி, அந்தப் பொம்ம எந்த ஊருல செய்யறாங்கன்னு போட்டிருக்குதா?"

பார்த்தேன். விருத்தாசலம் என்று இருந்தது. நாங்கள் தினம் பேர் கேட்கிற ஊர். எங்கேயோ வடக்கிலிருந்து வருகிறது என்று அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"இந்தா இருக்கிற விருத்தாசலமா?" என்றாள். பிறகு, "நீதான் ஊர் சுத்தறவனாச்சே, போயிப் பாத்துட்டு வாயேன்" என்றாள்.

போனில் இருந்த பொம்மைப் படத்தைக் காட்டி, பட்டறை பட்டறையாகக் கேட்டுக்கொண்டு போனேன். எங்கு பார்த்தாலும் கார்த்திகை விளக்கு காய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் ஒரு தகரக் கொட்டகையில், பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"அட, இது நம்ம பொம்மையாச்சே. நீ ஆன்லைன்காரரு ஆளா?"

"இல்லிங்க. வாங்கினவங்க ஆளு."

அவள் தூரிகையைக் கீழே வைத்தாள். "வாங்கினவங்கள நாங்க பாத்ததே இல்லப்பா."

ஆன்லைன்காரர் சென்னையில் இருக்கிறாராம். படம் போட்டு விற்பது அவர், செய்வது இவர்கள். ஆர்டர் வந்தால் சொல்வார். செய்து போட்டோ அனுப்பினால் அவர் சரி என்று சொல்லி முகவரிச் சீட்டு அனுப்ப வேண்டும். அந்தச் சீட்டை ஒட்டினால்தான் பெட்டி நகரும்.

"வேப்பூர் அக்காவோடது செஞ்சிட்டீங்களா?"

"எப்பவோ செஞ்சாச்சி. ஒரு தப்பு நடந்துபோச்சி." அலமாரிப் பக்கம் எழுந்து போனாள். விநாயகர்களுக்கும் யானைகளுக்கும் பின்னாலிருந்து சம்மனசை எடுத்து வந்தாள். எல்லாம் படத்தில் இருந்தபடியே இருந்தது. நெற்றியில் மட்டும் வட்டமாக, சிவப்பாக ஒரு பொட்டு.

"பொண்ணு மொகமா இருந்துச்சா, கை தானா வெச்சிடுச்சி. பொட்டு இல்லாத மூஞ்சிய நான் தீட்டினதே இல்லப்பா. சுட்டதுக்கு அப்புறம் இன்னா பண்ணாலும் போவாது. ஆன்லைன்காரரு போட்டோ பாத்துட்டு வேண்டாம்னுட்டாரு. வேற செய்யணும்னா சூளையில எடம் வேணுமே. கார்த்திக வர்றதால எல்லாம் வெளக்குதான் போவுது. ஒரு பொம்மைக்காவ சூளைய பத்த வெப்பாங்களா?"

"பொறப்பட்டுடுச்சின்னுல்ல போட்டிருந்தாங்க. இத அக்காகிட்ட சொல்லலியே."

"எங்களுக்கே போன எடுக்க மாட்டாரு."

அதையே கொடுங்கள், கொண்டுபோகிறேன் என்றேன். முதலாளி வெளியூர் போயிருந்தார். அவருக்குப் போன் போட்டாள். ஆன்லைன்காரரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது என்றார் அவர். ஆன்லைன்காரருக்குப் போட்டாள். அந்தப் பெண் குரலும் பாட்டும்தான். நான் வாசலில் குந்திக்கொண்டேன். அவள் இடையிடையே தீட்டுவாள், இடையிடையே போன் போடுவாள். காலை போய் மதியம் வந்தது. அவள் சோறு தின்றாள், எனக்கும் ஒரு கை கொடுத்தாள்.

"இன்னிக்கு எதுக்கு இப்படி ஒத்தக் கால்ல நிக்கிற?" என்று அப்போதுதான் கேட்டாள். சொன்னேன். சாப்பிட்ட கையோடு எழுந்தாள். பிறகு கை கழுவிவிட்டு வந்து வைக்கோலை உதறினாள்.

"எடுத்துக்கிட்டு ஓடு. ஒடஞ்சிடுச்சின்னு சொல்லிக்கறேன். இங்க தெனம் ஒடையறதுதானே."

பேருந்து ஏறியபோது நேரம் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஊரைத் தாண்டுவதற்குள் மழை வலுத்தது. வழியில் ஒரு டிராக்டர் சாலையை அடைத்துக்கொண்டு சாய்ந்து கிடந்தது. முன்னால் பின்னால் நகர வழியில்லை. ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் இறங்கி நடந்தேன். பின்னால் பைக்கில் வந்த ஒருவர் ஏற்றிக்கொண்டார்.

கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. எதிரே சனங்கள் செருப்பைக் கையில் பிடித்தபடி வந்துகொண்டிருந்தார்கள். சாமியார் அடுத்த ஊர்க் கல்லறைக்குப் புறப்பட்டுப் போயிருந்தார். எல்லாக் கல்லறையிலும் சாமந்தி, மெழுகுவர்த்தி. அக்கா, தன் மகளின் கல்லறை ஓரத்தில் சேற்றில் உட்கார்ந்திருந்தாள். மாடத்தில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்திருந்தாள். அது அணைந்து கரைந்து வழிந்திருந்தது. புருஷன் சற்றுத் தள்ளி நின்றார்.

"பேரு சொல்லிட்டாரு" என்றாள் என்னைப் பார்த்து.

பொட்டலத்தைக் கொடுத்தேன். சணலை அவிழ்த்து, வைக்கோலை விலக்கி, முகத்தைப் பார்த்தாள். பொட்டைப் பற்றி, பட்டறையில் நடந்ததைப் பற்றி நின்றபடியே சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

"இதுக்கா?" என்றாள். "இதுக்கா அனுப்பல?"

பெருவிரலால் அந்தப் பொட்டைத் தொட்டாள்.

"நான் தெனம் வெச்சி வுட்ட பொட்டுதானே தம்பி. ஒரு வார்த்த கேட்டிருந்தா இதயே குடுன்னு சொல்லியிருப்பேனே. எத்தன தடவ பேசினேன். அந்தாளுக்கு ஒரு வார்த்த கேக்க வாயில்லாம போச்சே."

புருஷன் வந்து பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து, மாடத்தில் உறைந்திருந்த மெழுகைச் சுரண்டினார். சம்மனசை வாங்கி உள்ளே வைத்தார். அளவு சரியாக இருந்தது. மற்றக் கல்லறைகளில் ஆளில்லை. நாங்கள் மூன்று பேரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினோம்.

மறுநாள் விடிந்தபின்னும் கடை திறக்கவில்லை. அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "இன்னும் கொஞ்ச நாளைக்கு அடுப்பு மூட்டற மாதிரி இல்ல, எங்கன்னா வேல பாத்துக்க" என்றார் புருஷன். கோபமாகச் சொல்லவில்லை. போய்ட்டு வரேங்க என்று சொல்லிவிட்டு வந்த முதல் பேருந்தில் ஏறினேன். அது விருத்தாசலம் போவது; இறங்கி அந்தத் தகரக் கொட்டகைக்கே போனேன்.

முதலாளி ஊர் திரும்பியிருந்தார். பெட்டி கட்ட ஆள் வேண்டும் என்றார். வர்ணம் தீட்டுகிற அம்மா தலையை நிமிர்த்தி மெதுவாகக் கேட்டாள்.

"அந்தம்மா இன்னா சொன்னாங்க?"

"பொட்டு நல்லா இருக்குதுன்னாங்க."

அவள் முகம் மலர்ந்தது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முதலாளி ஒரு பெட்டியையும் ஒட்டவேண்டிய சீட்டையும் முன்னால் வைத்தார். அகல் விளக்குகள். ஈரோட்டுப் பக்கம் ஏதோ ஒரு தெரு. வாங்குகிறவருடைய போன் நம்பர் எங்கே என்று கேட்டேன்.

"அதெல்லாம் நமக்கு வராதுப்பா. ஒடையாம கட்டு, அது போதும்" என்றார்.

வைக்கோலைப் பரப்பி முதல் விளக்கை வைத்தேன்.