துணைக்கு வந்தவர்

அந்த அம்மாவை நான் ஒரேயொரு முறைதான் பார்த்தேன். திருகோணமலையில், துறைமுகம் தெரியும் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய் வார்டில். அன்று நான் என் அக்காவுக்குத் துணையாகப் போய், போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் பக்கத்து ஊரான உப்புவெளியிலிருந்து வந்திருந்தார்; பஸ்ஸில் அல்ல. பாரிசவாதத்தில் விழுந்த கணவரைச் சக்கர நாற்காலியில் வைத்து, நடந்தே தள்ளிக்கொண்டு வந்தவர். மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதில் அந்த அம்மாவின் முடி முழுக்கக் கொட்டியிருந்தது. அந்தத் தலையை அவர் மூடவில்லை. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. அடிக்கடி குனிந்து கணவரின் வாயோரத்தை முந்தானையால் துடைத்தார். நாற்காலியின் கைச்சட்டத்தில் ஒரு சைக்கிள் மணி பூட்டியிருந்தது.

“மருந்து ஏத்துறதெண்டால் துணைக்கு ஆள் வேணும். ஆரைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?” என்று தாதி கேட்டார்.

“இவரைத்தான்.”

“அக்கா, அவரால கதைக்கவே ஏலாது. உங்களுக்கு மயக்கம் வந்தால் என்ன செய்வார்?”

அந்த அம்மா கணவர் பக்கம் திரும்பினார். “இஞ்சருங்கோ, மிஸ்ஸி கேக்கிறா. செய்து காட்டுங்கோ.”

கணவரின் இடது கை மெல்ல நகர்ந்து மணியைத் தொட்டது. அது அடித்த அடியில் வார்டே திரும்பிப் பார்த்தது. உள்ளறையிலிருந்து இன்னொரு தாதி, “என்ன, என்ன நடந்தது?” என்று ஓடி வந்தார்.

“பாத்தீங்களோ, ஆள் வந்திட்டுது. இனி இவற்ற பேரை எழுதுங்கோ.”

தாதி எழுதினார். என் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கையிலிருந்த போனை அணைத்துப் பைக்குள் வைத்தேன்.