உறைந்த ஆற்றின் நடுவே

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மார்ச் மாதக் கடைசியில் நடந்தது இது. என் தங்கையின் கணவருக்கு சைபீரியாவின் ஒரு மூலையில், மின் நிலையத்தில் வேலை. தங்கைக்கு அது தலைப்பிரசவம். அவள் விமானம் ஏறி ஊருக்கு வரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், கோயமுத்தூரிலிருந்து நான் கிளம்பிப் போனேன். அதுவரை எனக்குத் தெரிந்த குளிர் ஊட்டிக் குளிர்தான்.

மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் தங்கைக்கு வலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அக்கரையில். பாலமோ வெகு தூரம். குளிர்காலம் முழுக்க, பனி இளகத் தொடங்கும்வரை, அங்கே வண்டிகள் உறைந்த ஆற்றின் மேலேயே போய்வரும். பக்கத்து வீட்டுக்காரர் தன் ஜீப்பில் எங்களை ஏற்றிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். வாட்டசாட்டமான மனிதர். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் வண்டியை நிறுத்தினார். இறங்கி, எல்லாக் கதவுகளையும் விரியத் திறந்து, மூடாதபடி கயிற்றால் கட்டினார். காற்று ஊசியாகக் குத்தியது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஏனுங்க, கதவைச் சாத்துங்க! மாசமா இருக்கற புள்ள நடுங்கறது தெரியலீங்களா?" என்று தமிழிலேயே கத்தினேன். அவரும் தன் மொழியில் பதிலுக்குக் கத்திவிட்டு வண்டியை எடுத்தார். அந்த மொழி கொஞ்சம் தெரிந்த தங்கையோ வலியில் கண்ணை மூடிக் கிடந்தாள்.

பாதி ஆற்றைத் தாண்டியிருப்போம். அடியில் சடசடவென்று ஏதோ முறியும் சத்தம். வண்டியின் முன்பக்கம் லேசாக இறங்கியது. அவர் குதித்து வந்து, என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் பனிமேல் தள்ளினார். என்ன செய்யப்போகிறானோ என்ற பயத்தில் அவர் கையைக் கடித்துவிட்டேன்.

"அக்கா, எந்திரிக்காதே! அப்படியே படுத்துக்க! பனி ஒடையுதாமா! நின்னா தாங்காதாமா!" என்று தங்கை அலறினாள்.

அப்போதுதான் கதவுகளைத் திறந்து வைத்த காரணம் உறைத்தது. வண்டி தண்ணீரில் இறங்கிவிட்டால், மூடிய கதவை உள்ளிருந்து திறக்கவே முடியாது.

நான் குப்புறப் படுத்துக்கொண்டேன். நிறைமாத வயிற்றுடன் அவள் எப்படிப் படுப்பாள்? அவர் வண்டியிலிருந்த தடித்த கம்பளியை விரித்து, அவளைத் தூக்கி ஒருக்களித்துப் படுக்க வைத்தார். பிறகு தானும் குப்புற விழுந்து, கம்பளியின் முனையைப் பிடித்து இழுத்தபடி ஊர்ந்தார். நான் பின்னாலிருந்து தள்ளினேன். பனிமேல் தண்ணீர் பரவி என் முழங்கை நனைந்தது. அந்த நேரம் பார்த்து அவளுக்கு மறுபடி வலி எடுத்தது.

"முடியலக்கா."

"இதா, கரை வந்துருச்சு கண்ணு. கம்பளிய மட்டும் உட்டுறாதே."

கரை வரவில்லை. பொய்தான் சொன்னேன்.

பின்னால் பெரிய சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஜீப் மூக்குக் குப்புறத் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தார். கரையிலிருந்து ஆட்கள் சறுக்கு வண்டியோடு ஓடி வந்து எங்களைப் பிடித்துக்கொண்டபோதுதான் அவர் கை கம்பளியை விட்டது.

அன்று சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. நனைந்த துணியோடு அதுவரை வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார் அவர். குழந்தையின் அழுகுரல் கேட்டதும், என் பல் பதிந்த கையை நர்ஸிடம் காட்டி முதல் முறையாகச் சிரித்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அதன் பிறகு, என்னிடம் யாராவது கத்தினால் எனக்குச் சட்டென்று கோபம் வருவதில்லை. நான் பார்க்காத எந்த ஆபத்தைப் பார்த்துவிட்டுக் கத்துகிறாரோ என்றுதான் முதலில் தோன்றுகிறது.