குசினிக் கரும்பலகை

கண்டியில் அந்த வளவுக்குள் இருந்த ஆறு வீடுகளுக்கும் ஒரே குசினி. யாருக்கு எந்த நாள் சமையல் என்பதை, வீட்டு இலக்கமும் பெயருமாகக் குசினிக் கரும்பலகையில் சிங்களத்தில் எழுதிவைப்பவர் கிளாக்கர் நவரட்ணராஜா. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில், தமிழர் வீடுகளைத் தேடி எரித்துவந்த காடையர் சந்திக்கு வந்துவிட்டார்கள் என்றதும், ஓடிப்போய்த் தன் பெயரை அழித்தார். பலகையில் இருந்த மற்றத் தமிழ்ப் பெயர், சந்தைக்குப் போயிருந்த மங்களேஸ்வரி ரீச்சருடையது. ஒரு தமிழ் வீடு அகப்பட்டால் இன்னொன்றைத் தேடமாட்டார்கள் என்று அதை அப்படியே விட்டார். அவர் நினைத்தபடியே ரீச்சரின் வீடு மட்டும் எரிந்தது. அதன்பிறகு அவர் வெண்கட்டியைத் தொடவில்லை.

மூன்று வாரம் கழித்து, அகதி முகாமிலிருந்து வந்த ரீச்சர் பலகையைப் பார்த்தார்.

“நல்லகாலம், உங்கட பேரையெண்டாலும் மழை அழிச்சுப்போட்டுது.”

“ஓம் ரீச்சர்,” என்றார் நவரட்ணராஜா.

பலகை தொங்குவது குசினிக்குள், அடுப்புக்கு மேலே.