ஏழு மணிக்குப் போகும் லைன்

1

"அண்ணே, மேல லைன் மறுபடியும் போச்சு. மூணு நாளா இதே கதைலா. வெளிநாட்டு ஆபீசோட மீட்டிங், பாதியில கட்டாகுது. நீங்க போட்ட பைபர்லதான் ஏதோ கோளாறு."

கிள்ளானிலிருந்து சேகர் சார் பேசினார். அவர் வீட்டுக்கு நெட்வர்க் போட்டுக் கொடுத்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. நான் ஃபாரம் த்ரீ, அதாவது ஒன்பதாம் வகுப்பு, வரை படித்தவன். டெலிபோன் கேபிள் இழுப்பதில் தொடங்கி இருபத்தெட்டு வருடமாக இந்தத் தொழில்தான் சோறு போடுகிறது. வேலை சரியில்லை என்று ஒரு சொல் வந்தால் அன்றைக்கு அந்தச் சோறு இறங்காது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அந்த வீட்டின் பிளானைச் சொல்லிவிடுகிறேன். கீழ்த்தளம், மேலே மூன்று மாடி. கீழே ஹாலில் மோடம், அதிலேயே ஒரு வைஃபை. படிக்கட்டுக்கு அடியில் உள்ள ஸ்டோரில் ஸ்விட்ச் பெட்டி. மாடிகளுக்கு லைனைப் பிரித்து அனுப்புவது அதுதான். அதிலிருந்து மாடிக்கு மாடி பைபர். மாடிக்குள் அறைக்கு அறை சாதாரண ஈதர்நெட் கேபிள். இவ்வளவு கிட்டத்துக்கு பைபர் எதற்கு என்று கேட்பார்கள். தூரத்துக்குச் செம்புக் கம்பி போதும்தான். ஆனால் நம் மலேசியாவின் இடி மழையில் ஒரு மாடியில் மின்னல் ஏறினால், செம்பு வழியாகவே அடுத்த மாடிக்கும் போய் எல்லாப் பெட்டியையும் கருக்கிவிடும். பைபர் என்பது கண்ணாடி இழை. அதில் வெளிச்சம்தான் ஓடும், மின்சாரம் ஓடாது.

முதல் மாடியில் சேகர் சார், இரண்டாவதில் அவர் தம்பி, மூன்றாவதில் தங்கை. மூவருக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, மூவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. கீழே அவர்களுடைய அம்மா. எழுபதைத் தொட்டவர், கணவரை இழந்தவர். யாருக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினேன். "எனக்கு எதுக்குத் தம்பி இதெல்லாம்? அதுங்களுக்கு நல்லா போட்டுக் குடுங்க" என்றார் அம்மா. கீழ்த்தளம் என்று எழுதிய இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே ஏறிவிட்டேன்.

அதுவரை ஹாலில் மட்டும்தான் சிக்னல் இருந்தது. அதனால் ஹாலில்தான் எல்லாரும் இருந்தார்கள். அதை நான் கவனிக்கவில்லை. வேலை முடிந்த அன்று எல்லா மாடியிலும் முழு வேகம் வந்தது. முருகனுக்கு நன்றி சொல்லி, பெருமையோடு வேனை எடுத்தேன்.

2

இரண்டு நாள் பகலில் போய்ப் பார்த்தேன். பைபர் முனைகளைத் துடைத்தேன். மீட்டரில் வெளிச்சம் சரியாக இருந்தது. படிக்கட்டுத் திருப்பத்தில் அதிகமாக மடங்கியிருக்குமோ என்று குழாயைத் திறந்து ஒரு துண்டையே மாற்றினேன். பகலில் எல்லாம் சரி. சாயங்காலம் ஏழு மணிக்கு மூன்று மாடியும் ஒன்றாகச் செத்துவிடும். எட்டேகாலுக்குத் தானாக உயிர் வரும். பைபருக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது.

மூன்றாவது நாள் ஏழு மணிவரை இருந்து பார்ப்பது என்று ஸ்டோரில் பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தேன். பக்கத்துப் பூசை அறையில் மணி அடித்தது. சாம்பிராணி வாசம் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஸ்டோர்க் கதவு திறந்தது. திருநீறு ஒட்டிய கை ஒன்று உள்ளே நீண்டு, சுவரிலிருந்த ப்ளக் பொத்தானைத் தட்டியது. பெட்டியின் விளக்கெல்லாம் அணைந்தன.

"அம்மா!"

"ஐயோ முருகா! உள்ளயா இருக்கீங்க?" கதவைப் பிடித்துக்கொண்டார். "திருடியப் புடிச்ச மாதிரி புடிச்சிட்டீங்களே தம்பி."

"எதுக்கும்மா இது?"

"ஒரு மணி நேரந்தான். சாப்பாடு முடிஞ்சதும் போட்டு விட்டுருவேன். கீழ மட்டும் லைன் இருக்கும்ல? அதுக்காவது எறங்கி வருவாங்க." குரல் தாழ்ந்தது. "முன்ன எல்லாரும் இங்கதான் கெடப்பாங்க. இப்ப நான் தட்டுல சோறு போட்டு மேல அனுப்புறேன். காலித் தட்டுதான் கீழ வருது. சேகர்கிட்ட சொல்லிறாதீங்க தம்பி. கெழவிக்குப் புத்தி கெட்டுப்போச்சும்பான்."

அதற்குள் படியில் காலடிச் சத்தம். தங்கை மடிக்கணினியோடு வந்து சோபாவில் விழுந்தார். "ஏய், அது என் இடம்லா, எந்திரி" என்று பின்னாலேயே வந்த தம்பி காலால் தள்ளினார். "உன் பேரா எழுதியிருக்கு?" என்றார் தங்கை. அம்மா அவித்த கடலையைக் கிண்ணத்தில் போட்டு நடுவில் வைத்தார். அவர் முகத்தைப் பார்த்தேன்.

சேகர் சார் கடைசியாக இறங்கி வந்தார். "என்னண்ணே, கண்டுபிடிச்சீங்களா?"

என் மனைவி காலமாகி மூன்று வருடம் ஆகிறது. மகள் பினாங்கில் இருக்கிறாள். சுங்கை வேயில் இருக்கும் என் பிளாட்டில் ஏழு மணிக்கு விளக்கேற்றி, ஒரு தட்டு சோற்றை நின்றுகொண்டே சாப்பிட்டு முடிப்பவன் நான். அந்த அம்மாவைக் காட்டிக் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை.

"பெட்டி சூடாகுது சார்" என்றேன்.

நெற்றியில் திருநீற்றோடு சொன்ன பொய்.

"அவ்ளோதானா? அப்ப காத்தாடி வச்ச நல்ல ரேக்கா போட்டுருங்க. கரண்ட் போனாலும் நிக்காத மாதிரி பேட்டரியும் வைங்க. பூட்டு உள்ளதா பாருங்கண்ணே, தூசி போகாது."

வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை. காரணத்தைக் கொடுத்ததே நான்தான்.

3

சனிக்கிழமை நானே அந்த ரேக்கை, ஸ்விட்ச் பெட்டியை உள்ளே வைத்துப் பூட்டும் இரும்பு அலமாரியை, மாட்டினேன். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குப் பொத்தான் எங்க தம்பி?"

"உள்ள இருக்கும்மா."

"சாவி?"

"சார்கிட்ட."

அவர் பூட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். டீ போடவா என்று கேட்டார். அன்று சாயங்காலம் லைன் போகவில்லை.

மறுநாள் காலையில் சாமி முன்னால் நின்றால் மந்திரம் பாதியில் நிற்கிறது. சேகர் சாருக்குப் போன் போட்டேன். நடந்ததை அப்படியே சொன்னேன்.

"அம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லண்ணே."

"நானும் அன்னைக்கே சொல்லியிருக்கணும் சார்."

போனை வைத்துவிட்டார். இனி இந்த வீட்டு வேலை நமக்கு இல்லை என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டார். "கீழ சாப்பாட்டு மேசை பக்கத்துல ஒரு பாயிண்ட் இழுக்கணும்ணே. என் மேசையைக் கீழ எறக்குறேன்."

வெள்ளிக்கிழமை போனேன். மோடத்திலிருந்து ஒன்பது மீட்டர் ஈதர்நெட், அவ்வளவுதான். அதற்கு பைபர் தேவைப்படவில்லை. தம்பியும் தங்கையும் மேலேதான் இருந்தார்கள்.

"ஒருத்தன் வந்தா போதும் தம்பி" என்றார் அம்மா. "மத்ததுங்க பசிச்சா வரும்."

வேலை முடிய ஆறரை ஆனது. "சாப்பிட்டுப் போங்கண்ணே" என்றார் சேகர் சார். கோயிலுக்குப் போக வேண்டும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். கோயிலுக்குத்தான் போனேன். ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்தால் எழுந்து வர மனம் வராது என்ற பயமும் இருந்தது.

ஒவ்வொரு வேலைக்கும் ரிப்போர்ட் எழுதுவோம். அதில் கோளாறுக்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். தெரிந்த காரணத்தையே அதில் எழுதுங்கள், சொல்லக் கஷ்டமாக இருந்தாலும். யாரையோ காப்பாற்றுவதாக நினைத்து வேறொன்றை எழுதாதீர்கள். நாம் எழுதுகிற காரணத்துக்குத்தான் வைத்தியம் நடக்கும். நான் சூடு என்று சொன்னேன். காத்தாடியும் பூட்டும் வந்தன.