குடைத்துணி வைத்த கேமரா

அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைத் தின்றுவிட்டு, பஜ்ஜிக்குக் காத்திராமல் எழுந்து போனார்கள். "போட்டோவுல வேற மாதிரில்லா இருந்துச்சு" என்று மாப்பிள்ளையின் அம்மா வாசலில் சொன்னது அடுக்களை வரை கேட்டது. தென்காசி ஸ்டூடியோவில் டச்சப் செய்து அக்காவை வெளுத்துக் கொடுத்திருந்தார்கள். அக்காவோ நல்ல கறுப்பு. பஜ்ஜி முழுவதும் மிஞ்சியதால் எனக்கு அன்று பெரிய வருத்தம் இல்லை.

அக்கா அழவில்லை. "இனி படம் எடுக்க ஸ்டூடியோவுக்கு வரமாட்டேன். எம் படத்த நானே எடுத்துக்கிடுதேன்" என்றாள்.

மாமா ஊரைவிட்டுப் போகும்போது போட்டுவிட்டுப் போன பழைய கேமரா ஒன்று பரணில் கிடந்தது. அவர் பக்கத்தில் இருந்து பார்த்தே அக்கா அதைப் பழகியிருந்தாள். திறந்தால் முன்பக்கம் துருத்தி போல மடிப்பு மடிப்பாக நீளும். கதவைச் சாத்தி இருட்டாக்கி, கேமராவுக்குள் டார்ச்சை எரியவிட்டாள். மடிப்பெல்லாம் பொத்தல் பொத்தலாக வெளிச்சம் ஒழுகியது. அடைப்பதற்குக் கறுப்புத் துணி வேண்டும். வீட்டில் இருந்த ஒரே கறுப்புத் துணி அப்பாவின் குடை.

குற்றாலத்தில் சீசன் தொடங்கி, சாரல் தென்காசி வரை அடித்துக்கொண்டிருந்த நேரம். அப்பா குடையை விரித்தார். ஒரு பக்கம் வானம் தெரிந்தது.

"ஏட்டி, என்ன வேல பாத்து வச்சிருக்க?"

"நீங்க நனைஞ்சா காஞ்சிரும்ப்பா. பிலிம்ல வெளிச்சம் பட்டா போச்சு."

அப்பா மீதிக் குடையோடு ஆபீஸுக்குப் போனார்.

சிக்கியிருந்த விசையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துச் சரிசெய்தாள். ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குப் போனோம். அருவியைவிட்டுத் தள்ளி, வெயில் எட்டிப் பார்த்த இடத்தில் அக்கா நின்றாள். திருக வேண்டியதையெல்லாம் அவளே திருகிவைத்துவிட்டாள். விசையை அழுத்த வேண்டியவள் நான். பவுடர் டப்பாவோடு வந்த அம்மாவிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பல்லக் காட்டாதட்டி. மாப்பிள்ள வீட்டுக்கு அனுப்புத படம்" என்று அம்மா சொல்லி வாய் மூடவில்லை, அக்கா பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். நான் அழுத்தினேன்.

டச்சப் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் பிலிமை ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்தாள். படம் நன்றாகவே வந்தது. அக்கா அக்காவைப் போலவே இருந்தாள். "இதப் பாத்துட்டு எவன் வருவான்?" என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். எனக்குப் பொறுக்கவில்லை. உறையில் இருந்த நெகட்டிவை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன்.

"எம்மா, இத அனுப்புவோம். இதுல அக்கா வெள்ளையா இருக்கா."

பெரிய கண்டுபிடிப்பு செய்துவிட்ட பெருமை எனக்கு. அக்கா என் பின்னால் வந்து நின்றாள்.

"நல்லாப் பாருட்டி. பல்லு என்ன நெறம்?"

பார்த்தேன். கறுப்பு.

"நான் வெள்ளையாவணும்னா எஞ் சிரிப்பு கறுத்துப் போவணும். அது எனக்கு வேண்டாம்."

அதை அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள். தரகர் வந்தபோது, அம்மா பல் தெரியும் அந்தப் படத்தைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள்.

நானோ, அக்கா எனக்குப் போட்டோப் பாடம் நடத்தினாள் என்றே நினைத்தேன். நெகட்டிவில் பல் கறுப்பாகத்தான் தெரியும் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.