கேம் நடக்கும் சனிக்கிழமையில் மூன்று பேருக்குச் சாப்பாடு

ஃபுட்பால் கேம் இருக்கும் வார இறுதியில் ஒரு அமெரிக்கக் கல்லூரி ஊரில் எங்கே சாப்பிடலாம் என்று தேடினால் நிறைய பதிவுகள் கிடைக்கும். எல்லாமே கொண்டாட வருகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. வேறு காரணத்துக்காக அதே நாளில் அதே ஊரில் மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. சென்ற அக்டோபரில் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

என் தம்பி அங்கே சிவில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. வியாழக்கிழமை சாயங்காலம் சைக்கிளில் போனவனை ஒரு பிக்கப் டிரக் இடித்துவிட்டது. அன்று இரவே அத்தா, அம்மா, நான் மூவரும் ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டிலிருந்து கிளம்பிப் போனோம். அவன் ஐசியூவில், வென்டிலேட்டரில் இருந்தான். அவனைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. ஊர்ப் பெயரையும் கடைகளின் பெயர்களையும்கூடத் தவிர்க்கிறேன். கேம் நாள் கூட்டத்தை வைத்து ஒரு கடையை எடை போடுவது நியாயமில்லை. டெக்ஸஸில் ஃபுட்பாலுக்குப் பேர் போன எந்தக் கல்லூரி ஊரானாலும் நிலைமை ஏறக்குறைய இதேதான்.

முதலில் தங்குமிடம். வெள்ளிக்கிழமை முழுக்கக் கேட்டுப் பார்த்தேன்; அறையே இல்லை. நாற்பது மைல் தள்ளி ஒரு மோட்டலில் ஒரே ஒரு அறை, இரவுக்கு 389 டாலர், குறைந்தது இரண்டு இரவு எடுக்க வேண்டும் என்றார்கள். ஐசியூவில் இரவு ஒருவர்தான் இருக்கலாம். அம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அத்தாவின் இன்சுலினும் மாற்றுத் துணியும் வீட்டில் இருந்ததால் அத்தாவும் நானும் வெள்ளி மாலை 95 மைல் திரும்பி வந்தோம்.

வீட்டு டிரைவ்வேயில் சபீனா ஆன்ட்டி நின்றிருந்தார். அடுத்த தெருக்காரர். கையில் பெரிய அலுமினிய ட்ரே, காலடியில் இன்னும் இரண்டு. அத்தாவைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டார்.

"பாய், எங்களுக்கு மத்தியானம்தான் மெசேஜ் வந்துச்சு..."

அத்தாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. பிறகு, "இல்லம்மா. உயிரோட இருக்கான்" என்றார்.

பள்ளிவாசல் வாட்ஸாப் குழுவில் அவன் பிழைக்க யாரோ துஆ கேட்டுப் போட்ட செய்தி, நான்கைந்து குழுக்கள் தாண்டும்போது இறப்புச் செய்தியாக மாறியிருந்தது. எங்களில் ஒரு வீட்டில் மவுத்து விழுந்தால் அந்த வீட்டில் மூன்று நாளைக்கு அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார்தான் சமைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். யாரும் சொல்லிவிட வேண்டியதில்லை. செய்தி வந்ததுமே அரிசியை ஊறப் போட்டுவிடுவார்கள். ஆன்ட்டி அதைத்தான் செய்திருந்தார். இப்போது ட்ரேயை நீட்டவும் முடியாமல், திருப்பி எடுத்துப் போகவும் முடியாமல் நின்றார்.

"குடும்மா" என்று அத்தாவே வாங்கிக்கொண்டார். "நாளைக்கு அங்க சாப்பிட ஆகும். அங்க எங்க போய் ஹலால் தேடுறது?"

நெய்ச்சோறு, தாளிச்சா, கோழிக்குழம்பு. சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து, பெரிய ஐஸ் பெட்டியில் அடுக்கினேன். அத்தா சொன்னதில் தவறு இருப்பதாக அப்போது எனக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை ஆறேகாலுக்குக் கிளம்பினோம். கேம் பிற்பகல் இரண்டரைக்கு. சாதாரண நாளில் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். அன்று மூன்று மணி நேரம் பத்து நிமிடம் ஆனது. கடைசி எட்டு மைல் கார்கள் ஊர்ந்தன. கண்ணாடிகளில் கொடிகள், முன்னால் போன டிரக்கின் பின்புறம் சோபாவே போட்டு நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அத்தா அந்த டிரக்கையே பார்த்துக்கொண்டு வந்தார். ஊருக்குள் காலிப் புல்வெளிகளில் எல்லாம் "பார்க்கிங் 60 டாலர்" என்று எழுதிய அட்டைகள். மருத்துவமனைப் பார்க்கிங்கில் காவலர் ஒவ்வொரு காரையும் நிறுத்தி, நோயாளி பெயர் கேட்டுத்தான் விட்டார். கேமுக்கு வந்தவர்கள் அங்கே நிறுத்திவிட்டுப் போய்விடுவார்களாம்.

மேலே போகும்போது ஒரு டப்பாவை மட்டும் எடுத்துப் போனேன். அம்மா வியாழன் இரவிலிருந்து பிஸ்கட்டும் காபியும்தான். காத்திருப்பு அறையில் மைக்ரோவேவ் இருந்தது. மூடியைத் திறந்ததும் நெய் வாசனை வந்தது.

"எப்பம்மா சமைச்ச?" என்றார் அம்மா.

"நான் இல்லம்மா. சபீனா ஆன்ட்டி."

"அவ எதுக்கு சமைச்சா?"

நான் டப்பாவின் மூடியைத் தேடினேன். அத்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மூடு அத" என்றார். "மவுத்தான வீட்டுக்குத்தான் அடுத்த வீட்டுச் சோறு வரும். எம்புள்ள உள்ள மூச்சு விட்டுட்டு இருக்கான். இத ஒருத்தர் வாயில வைக்கக் கூடாது. நீங்களும்தான்" என்று அத்தாவைப் பார்த்துச் சொன்னார்.

மூச்சு விடுவது இயந்திரம் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை ஒரு பரிசோதனை முடிந்திருந்தது. மூளை எதற்கும் பதில் காட்டவில்லை என்றார் டாக்டர். ஞாயிறு காலை இன்னொரு முறை பார்த்துவிட்டு, உயிர் இருக்கிறதா என்று முடிவாகச் சொல்வதாக இருந்தது. அதுவரை அந்தப் பெட்டியைத் திறக்க முடியாது. குப்பையில் போடவும் எனக்கு மனம் வரவில்லை. காரின் டிக்கியிலேயே விட்டுவிட்டு, அத்தாவுக்குச் சாப்பாடு தேடக் கிளம்பினேன்.

மருத்துவமனை கேன்டீன் வார இறுதியில் காலை உணவோடு மூடிவிடும். தானியங்கி இயந்திரத்தில் சிப்ஸ்தான். காரை எடுத்தால் திரும்ப நிறுத்த இடம் கிடைக்காதோ என்ற பயத்தில் அத்தாவும் நானும் நடந்தே போனோம். கல்லூரி வளாகத்தை ஒட்டிய பெரிய சாலைக்கு முக்கால் மைல். பார்பெக்யூ கடையில் காத்திருப்பு இரண்டேகால் மணி நேரம். மெக்சிகன் கடையில் ஒன்றரை. ஊரின் ஒரே இந்திய பஃபேயில் பழைய மாணவர் குழு ஒன்று மொத்தமாக முன்பதிவு செய்திருந்தது. கண்ணாடிக் கதவில் அட்டை தொங்கியது. ஹலால் என்று எழுதி, ரொட்டியில் கறி சுற்றி விற்கும் ஒரு கைரோ வண்டியைக் கண்டுபிடித்துப் போனால், பதினொன்றரைக்கே இறைச்சி தீர்ந்துவிட்டது. கடைசியில் பான்கேக், ஆம்லெட் விற்கும் ஒரு கடையில், கையில் ஐபேட் வைத்திருந்த பெண், "பதினைந்து நிமிஷம், அதிகமானால் இருபது" என்றாள்.

அந்த வார்த்தையை நம்பி அத்தா அங்கேயே, சுவர் ஓரமாகத் திரும்பி நின்று இன்சுலின் போட்டுக்கொண்டார். சாப்பாட்டுக்குச் சற்று முன் போடும் ஊசி அது. நான் ஒரு மருந்தாளுநர். தினமும் பத்து பேருக்காவது, தட்டு முன்னால் வந்த பிறகு போடுங்கள் என்று சொல்கிறவள். பக்கத்திலேயே நின்றிருந்தேன். என் கவனம் அம்மாவிடமிருந்து வந்த போனில் இருந்தது.

நாற்பத்தைந்து நிமிடம் ஆகியும் எங்களைக் கூப்பிடவில்லை. அத்தாவின் நெற்றியில் வியர்வை. நான் ஏதோ கேட்டதற்கு, "அவன் வரட்டும், சேர்ந்து சாப்பிடலாம்" என்றார். ரத்தச் சர்க்கரை இறங்கிக்கொண்டிருந்தது. பையில் சர்க்கரைப் பொருள் எதுவும் இல்லை.

சாலைக்கு எதிரே புல்வெளியில் கூடாரங்கள். டெயில்கேட் என்பார்கள், கேமுக்கு முன்னால் காரின் பின்கதவைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, ஊரே கூடிச் சாப்பிடுவது. அத்தாவைத் தாங்கிக்கொண்டு முதல் கூடாரத்துக்குப் போனேன். அறுபது வயதிருக்கும் ஒருவர் கறியைத் திருப்பிக்கொண்டிருந்தார். "சுகர் லோ" என்றேன். அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, கோலா டின்னை உடைத்து அத்தாவின் கையில் வைத்து, தன் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

கால் மணி நேரத்தில் அத்தாவுக்குத் தெளிந்தது. அந்த மனிதர் ஒரு தட்டைக் கொண்டுவந்தார். ரொட்டி, வேகவைத்த சோளம், ஊறுகாய் வெள்ளரி.

"கறி சாப்பிட மாட்டீங்கன்னு நினைச்சேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "பீன்ஸையும் விட்டுடுங்க, அதுல பன்னிக்கறி, பேக்கன் போட்டிருக்கு. என் மனைவி எல்லாத்துலயும் பேக்கன் போடுவா. காபியில மட்டும்தான் பாக்கி."

"காபியும் பாத்துக் குடிங்க" என்றார் மனைவி, திரும்பாமலே. அத்தா சிரித்தார்.

"மகன் இங்கதான் படிக்கிறாரா, சார்?"

"யெஸ். சிவில். செகண்ட் இயர்."

"அப்போ நீங்க நம்ம ஆளு. இன்னைக்கு ஜெயிச்சா சாயங்காலம் அவனையும் கூட்டிட்டு வாங்க. எலும்பு வரைக்கும் மிச்சம் வைக்காம சாப்பிடுற வயசு."

"ஷ்யூர்" என்றார் அத்தா. ரொட்டியை முழுவதும் சாப்பிட்டார். அன்று அந்த ஊரில் எங்களுக்குக் கிடைத்த ஒரே சாப்பாடு அதுதான். நன்றி சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்பி நடந்தோம். பாதி வழியில் அத்தா, "நான் பொய் சொல்லல" என்றார். "படிக்கிறான்னுதான சொன்னேன்."

மாலை ஐஸ் வாங்கப் போனேன். பெட்டியில் இருந்தது உருகியிருக்கும். கேம் நாளில் ஐஸும் கிடைக்காது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பெட்ரோல் நிலையங்களில் இல்லை, நான்காவதில் கடைசி இரண்டு பை. யாரும் சாப்பிடக் கூடாத சாப்பாட்டுக்கு எதற்கு ஐஸ் என்று எனக்கே கேள்வி. பதில் தெரியாததுபோல் நடந்துகொண்டேன்.

ஐசியூ நான்காம் மாடியில். ஸ்டேடியம் ஒரு மைலுக்கும் குறைவு. ஒவ்வொரு முறை கூட்டம் கத்தும்போதும் ஜன்னல் கண்ணாடியில் மெல்லிய அதிர்வு தெரிந்தது.

"இவனுக்குக் கேக்குமா?" என்றார் அம்மா.

நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் மொழிபெயர்க்கவில்லை. அம்மாவே ஆங்கிலத்தில், "வாட் ஸ்கோர்?" என்று கேட்டார். நர்ஸ் போனைப் பார்த்துச் சொன்னாள். அம்மா அவன் காதருகே குனிந்து, "தம்பி, உங்க ஆளுங்க ஏழு பாயின்ட் மேல இருக்காங்கடா" என்றார். பிறகு சும்மா இருந்தார். அவன் நாங்கள் தமிழில் பேசினால் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வான். அம்மா விட்ட இடைவெளி அந்தப் பதிலுக்கானது. நான்கு முறை ஸ்கோர் சொன்னார். நான்கு முறையும் காத்திருந்தார்.

ஞாயிறு காலை இரண்டாவது பரிசோதனை. பத்தே முக்காலுக்கு டாக்டர் எங்களைத் தனி அறைக்கு அழைத்துச் சொன்னார்.

இதே போன்ற பயணம் உங்களுக்கு வாய்க்க வேண்டாம். வாய்த்தால் சில விஷயங்கள். பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அட்டவணையை முதலில் பாருங்கள். உள்ளூரில் கேம் என்றால் நாற்பது மைல் சுற்றுவட்டாரத்தில் அறை இருக்காது. மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள், நோயாளிகளின் குடும்பங்களுக்கென்று சில அறைகளை வைத்திருப்பார்கள். எனக்கு அது சனி மாலைதான் தெரிந்தது. பதினோரு மணிக்கு மேல் எந்தக் கடையையும் நம்ப வேண்டாம். ஊருக்கு முப்பது மைல் முன்னாலேயே சாப்பிட்டுவிடுங்கள். சர்க்கரை நோயாளி கூட இருந்தால் பையில் ஜூஸ் வையுங்கள், தட்டைக் கண்ணால் பார்க்காமல் ஊசி போட விடாதீர்கள். பசி தாங்கவில்லை என்றால் கூடாரங்களுக்குப் போய்க் கேளுங்கள். கொடுப்பார்கள்.

ஞாயிறு நண்பகலுக்கு மேல் பிரச்சினையே இல்லை. அந்த ஊரில் எங்கே வேண்டுமானாலும் சாப்பிடலாம். அவனை அடக்கத்துக்காக ஹூஸ்டனுக்குக் கொண்டுபோகும் ஏற்பாடுகள் முடியச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். காரை எடுத்துக்கொண்டு அதே சாலைக்கு வந்தோம். புல்வெளியில் கூடாரங்கள் இல்லை, மிதிபட்ட டின்கள் மட்டும். பான்கேக் கடை வாசலில் அதே பெண் சும்மா நின்றுகொண்டிருந்தாள். "உடனே மேசை இருக்கு" என்றாள். அத்தா காரிலிருந்து இறங்கி, கதவைப் பிடித்தபடி அம்மாவுக்காகக் காத்திருந்தார்.

அம்மா இறங்கவில்லை. முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தவர், "ஐஸ் இருக்கா இன்னும்?" என்று கேட்டார்.

"இருக்கும்மா."

"டிக்கியத் திற" என்றார். "சபீனா கொண்டு வந்தத எடு. அத்தாவுக்கு ஊசி போடணும்."